தஷியை 'மீன் ரசம்' என்று எழுதலாமா?

ஜப்பான் போகிறவர்களுக்காகத் தமிழில் வரும் குறிப்புகளில், ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறான 'தஷி' என்ற சொல் தலைகாட்டினால் போதும், பக்கத்திலேயே 'மீன் ரசம்' என்று ஒரு விளக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில இடங்களில் 'மீன் சூப்'. தனித்தமிழ் ஆர்வலர் கைபட்டால் 'சுவைநீர்'. மூன்றுமே தவறு. வெறும் மொழிச் சண்டை என்றால் விட்டுவிடலாம். ஆனால் இதை நம்பி, கியோத்தோவில் ஒரு பழைய உணவகத்தில் 'ரசம் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் கொண்டு வாருங்கள்' என்று சொல்லும் சைவக்காரர், கீரையிலும் பூசணியிலும் தோஃபுவிலும் மீனைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறார்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானிய மொழியில் 'தசு' என்றால் வெளியே எடு. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'தஷி'. 'நிதஷிஜிரு', அதாவது வேகவைத்து எடுத்த சாறு, என்பதன் குறுக்கம். முதல் எழுத்தைத் 'தயிர்' போல வல்லோசையில் சொன்னால் பரிமாறுபவருக்குப் புரியாது. 'தர்மம்' என்பதில் வரும் ஒலி அது. 'தாஷி' என்று நீட்டவும் வேண்டாம்.

இப்போது பொருள். முதல் தரத் தஷிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொம்பு என்னும் கடற்பாசி சுமார் 10 கிராம். அரை மணியாவது ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடேற்றி, கொதி வருமுன் பாசியை எடுத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல் நாற்றமும் இறங்கிவிடும். பிறகு அடுப்பை அணைத்து, சீவிய கட்சுவோபுஷி (புகையூட்டி உலர்த்திய சூரை மீன்) 20 முதல் 30 கிராம் போட்டு, ஓரிரு நிமிடத்தில் துணியில் வடிக்க வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் கலங்கும், துவர்க்கும். மிஞ்சிய சக்கையை மறுபடி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் இரண்டாம் தஷி. தெளிந்த சூப்புக்கு முதலாவது. மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்புக்கும் காய் வேகவைக்கவும் இரண்டாவது. உப்பில்லை, புளியில்லை, தாளிப்பில்லை. யாரும் இதை அப்படியே கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பதில்லை.

ஆக, 'ரசம்' எங்கே பொருந்தும்? ரசம் இலையில் விழும் பண்டம். தஷி சமையலறையை விட்டுத் தன் உருவில் வெளியே வராத பொருள். ரசம் வேண்டாம் என்றால் ரசம் வராது. தஷி வேண்டாம் என்றால் பாதிச் சமையலே இல்லை. கீரையை வெந்நீரில் அலசி ஊறவைப்பது தஷியில். பூசணி, முள்ளங்கி, தாமரைக் கிழங்கு வேகுவது தஷியில். தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா, உதொன் நூடுல்ஸின் சாறு, பொரித்த தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, அபுராகே என்னும் பொரித்த தோஃபுவை இனிப்பாக்கி உள்ளே சாதம் அடைத்த இனாரி சுஷி, முட்டை சாப்பிடுவோருக்கு ஆவியில் அவித்து வரும் சவன்முஷி, சுருள் ஆம்லெட், ஏன், ஊறுகாயின் மேல் தூவிய சீவல் வரை அதே மீன்தான். 'சூப்' என்ற மொழிபெயர்ப்பும் இதே குழியில் விழுகிறது, எனவே அதைத் தனியாக அடிக்கவில்லை.

'சுவைநீர்' மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ரசம் என்றவராவது 'மீன்' என்ற எச்சரிக்கையை முன்னால் வைத்தார். சுவைநீர் அதையும் துடைத்துவிட்டது. பன்னீரும் இளநீரும் சுவைநீர்தான். அழகாக ஒலிக்கிறது, தமிழாக இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மறுக்கிறது. தூய்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வாமைக்காரரும் நோன்புக்காரரும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில், மூலப்பொருளை மறைக்கும் தூய தமிழைவிட அதைக் காட்டும் கலப்புத் தமிழ் மேல். 'மீன்' என்ற முன்னொட்டிலும் தொல்லை உண்டு: எல்லாத் தஷியும் மீன் அல்ல. கொம்பு மட்டும் ஊறிய தஷி உண்டு, உலர்ந்த ஷிதாகே காளானைக் குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைத்த தஷி உண்டு. புத்தக் கோவில்களின் ஷோஜின் சமையலில் இவற்றோடு வறுத்த சோயாவும் கன்ப்யோ என்னும் சுரைக்காய் வற்றலும் சேரும். இந்தச் சாறுகளை 'மீன் ரசம்' என்று படித்துப் பயந்து ஒதுக்குவதும் நடக்கிறது.

நமக்குச் சொல் இல்லாமலா இருக்கிறது? காப்பிப் பொடியில் வெந்நீர் ஊற்றிவிட்டு 'டிகாஷன் இறங்கிடுச்சா' என்று வீட்டில் கேட்கிறோமே, அந்த 'இறக்கு' தான் 'தசு'வின் வேலையைச் செய்கிறது. சரக்கைப் பிழியாமல், அதன் சத்தைத் தண்ணீரில் இறக்கி, சக்கையைத் தள்ளுவது. 'இறக்குசாறு' என்றால் போதும். முன்னால் மூலப்பொருள் கட்டாயம்: மாசி (உலர்த்திய சூரை மீன்) இறக்குசாறு, கொம்புப்பாசி இறக்குசாறு, காளான் இறக்குசாறு, நெத்திலி இறக்குசாறு. (வெறும் 'கொம்பு' என்று அச்சடித்தால் மாட்டுக் கொம்பு என்று படிப்பார்கள், 'கடற்பாசி' என்றால் நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறையவிடும் அகர் என்பார்கள். எனவே கொம்புப்பாசி.)

கட்சுவோபுஷிக்கு 'உலர்ந்த மீன் செதில்' என்று எழுதுகிறார்கள். செதிலா அது? கட்சுவோ நம் கடலிலும் அகப்படும் சூரை. அதை அவித்து, முள் நீக்கி, திரும்பத் திரும்பப் புகையூட்டி, உயர்ந்த வகையில் பூஞ்சை ஏற்றி வெயிலில் மாதக்கணக்கில் காய வைத்து, மரக்கட்டையாக இறுகியதும் இழைப்புளி பதித்த பெட்டியில் சீவுவார்கள். இதே சூரையை உப்புநீரில் அவித்து, புகையூட்டி, காயவைத்தால் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்யும் மாசி. தூத்துக்குடிக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் மாசியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உப்பும் பூஞ்சையும்தான் வேறுபாடு. கையில் மாசி இருக்க, 'செதில்' எதற்கு?

சொல் சரியானால் கேட்கும் கேள்வியும் சரியாகும். 'சகானா', அதாவது மீன், வேண்டாம் என்றால், ஜப்பானியருக்கு அது மீன் துண்டு. தஷி அந்தக் கணக்கில் வராது. 'கட்சுவோ தஷி மோ தபெராரெமாசென்' என்று சொல்ல வேண்டும். அந்த 'மோ' நம் 'உம்': கட்சுவோ தஷியும் சாப்பிட இயலாது. நெத்திலி வகைக்கு 'நிபோஷி'யையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாற்று வழியையும் நீங்களே கொடுப்பது நல்லது: 'கொம்பு தஷி வா தைஜோபு தெசு', கொம்புத் தஷி பரவாயில்லை.

அதுவும் மேசையில் உட்கார்ந்தபின் அல்ல. சுஷிக் கடையில் வசாபியை விட்டுவிடச் சொல்வதுபோல் தஷியை விட்டுவிடச் சொல்ல முடியாது, காய்கள் முந்தியே அதில் வெந்து ஊறிக் கிடக்கின்றன. பல பண்டங்களை வரிசையாகப் பரிமாறும் கைசேகி விருந்தில் தெளிந்த சூப்புக் கிண்ணம் தான் சமையற்காரரின் கைவண்ணத்தைக் காட்டும் இடம், அதன் உயிரே முதல் தஷி. ஆகவே முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். முடியாது என்று அவர்கள் சொன்னால் வேறு இடம் பார்ப்பதே மரியாதை. வீட்டில் சமைப்பவர்கள் கடைப் பொடியைக் கவனிக்கட்டும்: மீன் தூளோடு சிலவற்றில் பால் சர்க்கரையும் இருக்கும். தஷி கலந்தே விற்கும் மிசோவும் உண்டு.

ஷோஜினைச் 'சைவ உணவு' என்று எழுதுவதும் அரைகுறைதான். மரபான ஷோஜினில் வெங்காயம், பூண்டும் கிடையாது. ஆனால் முள்ளங்கி, தாமரைக் கிழங்கு, கேரட் தாராளமாக வரும். கிழங்கு தொடாத சமணர் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னும் இரண்டு. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இகெதா கிகுனாயே கொம்புப்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அதைத் தமிழில் 'ஐந்தாம் சுவை' என்கிறார்கள். நான்கு சுவை எண்ணுகிறவன் ஐந்தாவது என்று சொல்லலாம். அறுசுவை என்று எண்ணும் மொழியில் ஐந்தாவது எப்படி வந்தது? உமாமி என்றே எழுதுங்கள், அல்லது ஏழாவது என்றாவது கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

அடுத்தது மிரின். 'இனிப்பு அரிசி வினிகர்' என்று அச்சில் வருகிறது. வினிகர் வேறு, அதற்குப் பெயர் 'சு'. மிரின் சுமார் 14 சதவீத ஆல்கஹால் உள்ள இனிப்பு அரிசி மது. காய் வேகும் சாற்றிலும் நூடுல்ஸ் சாற்றிலும் விழுவது அதுதான். மது தொடாதவர்களுக்கு இந்தப் பிழை மீனைவிடப் பெரிது. கடையில் 'மிரின்ஃபூ சோமிர்யோ' என்று விற்பது மட்டும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள மிரின் போலி. உணவகத்தில் எது ஊற்றப்படுகிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.