கிணற்று நீச்சலும் கப்பல் டைவும்

"ஏனுங்க டாக்டர், மூணு ஆள் ஆழக் கிணத்துல அடிமண்ணு எடுத்துட்டு வந்தவனுங்க நான். அஞ்சு மீட்டர்ல காது போயிடுமுங்களா?"

கேட்டவர் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்பவர். நண்பர்களோடு பாலித் தீவுக்குப் போய், துலம்பென்னில் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலைப் பார்க்க, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி ஸ்கூபா டைவ் இறங்கியிருக்கிறார். 1942-இல் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் அது. கரையில் ஒதுக்கப்பட்டுக் கிடந்ததை 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது வந்த அதிர்வு கடலுக்குள் தள்ளிவிட்டது. மேல்பகுதி ஏறக்குறைய 5 மீட்டரிலேயே தெரியும், அடி 30 மீட்டர் வரை போகும். படகுகூட வேண்டாம், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம்.

இந்தச் சுலபம்தான் ஆளை ஏமாற்றுகிறது. முதல் 10 மீட்டருக்குள்ளேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். காதுக்குச் சோதனை அங்கேதான். நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் வழியாகக் காற்று போனால்தான் செவிப்பறை தாங்கும். இவருக்கோ அன்று சளி, குழாய் வீங்கி அடைத்திருந்தது. மூக்கைப் பிடித்துப் பலங்கொண்டு ஊதியிருக்கிறார். நான் பார்த்தபோது நடுக்காதில் ரத்தம் கட்டியிருந்தது. அந்த மட்டில் தப்பினார். முரட்டுத்தனமாக ஊதினால் உள்காதின் சவ்வே கிழிந்து, தலைசுற்றலும் நிரந்தரக் காது மந்தமும் வரலாம்.

கிணற்றில் காது வலித்தால் அடுத்த நொடி மேலே வந்துவிடுவோம். டைவில் முதுகில் சிலிண்டர், கட்டிய காசு, கண்ணெதிரே கப்பல். வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்குகிறோம். வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் மெதுவாக ஊத வேண்டும். திறக்கவில்லையென்றால் கொஞ்சம் மேலேறிப் பாருங்கள். சளி இருந்தால் இறங்கவே வேண்டாம்.

இன்னொரு கிணற்றுப் பழக்கம் மூச்சை அடக்குவது. இது காதைவிட ஆபத்து. சிலிண்டர் காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நுரையீரலுக்குள் விரிந்து கிழித்துவிடும். டைவில் மூச்சு ஒரு கணமும் நிற்கக் கூடாது. பயிற்சி இல்லாமல் கப்பல் அறைகளுக்குள் நுழைவதும் கூடாது. துடுப்புக் காலால் ஒரு தட்டு தட்டினால் வண்டல் கிளம்பி வழியே தெரியாது.

அப்புறம், ஊட்டி. பல டைவ் அடித்தவர்களை விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரமாவது பொறுக்கச் சொல்வார்கள், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகக் கிளம்பாமலிருக்க. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் மலையில் இருக்கும் அளவுவரை குறையலாம். ஊட்டி 2,240 மீட்டர். புதுச்சேரியில் காலையில் டைவ் அடித்துவிட்டு இரவே மேட்டுப்பாளையம் வழியாக மலையேறுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான். மூட்டுவலி, மரமரப்பு, என்றைக்கும் இல்லாத அசதி வந்தால் வாய்வுப் பிடிப்பு என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒருவகையில் வாயுதான், ஆனால் கஷாயத்துக்குக் கேட்காது. உடனே ஆக்சிஜன் தர வேண்டும், காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்துத் தரும் சிகிச்சையும் தேவைப்படலாம். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக டைவ் போனதைச் சொல்லுங்கள்.

நம் திருப்பூர்க்காரருக்குச் சில வாரங்களில் அடைப்பு விலகியது. தோட்டத்துக் கிணற்றில் குதிக்கலாமா என்று கேட்டார். இப்போதைக்கு மோட்டார் போட்டுத் தொட்டியில் குளியுங்கள், தலையை முக்காமல் என்றேன்.