கேமரா கதவைத் திறக்காது

போன வாரம் நங்கநல்லூரில் மறுபடியும் அதே கதை. தனியாக இருக்கும் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஹாலில் ஒன்று, வாசலில் ஒன்று என்று வீட்டில் இரண்டு கேமரா. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் காலி சோபாவைப் பார்த்துவிட்டு, 'அம்மா படுத்திருப்பாங்க' என்று தூங்கப் போய்விட்டார். அங்கே அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலைக்காரம்மா வந்து கத்தி, எதிர் வீட்டுக்காரர் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனபோது மதியம் ஆகிவிட்டது. இடுப்பு எலும்பு முறிவு. அதைச் சரிசெய்துவிடலாம். மணிக்கணக்கில் ஈரத் தரையில் கிடந்ததால் சிறுநீரகத்துக்கு வந்த பாதிப்புதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் மருத்துவராக இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டுவிட்டேன்: "டாக்டர், நான் இருபத்துநாலு மணி நேரமும் அம்மாவைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." இல்லை சார், நீங்கள் பார்க்கிறீர்கள். பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. பாதத்தில் விரலை அழுத்தினால் குழி விழுகிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியுமா? சர்க்கரை இறங்கும்போது வியர்க்கிறதே, தொட்டால்தானே தெரியும். முதுகடியில் படுக்கைப்புண் வந்திருக்கும், திரையில் அம்மா சிரித்துக்கொண்டே "நல்லா இருக்கேன்டா" என்பார். பிள்ளையிடம் எந்த அம்மா வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்?

வீடியோவுக்கு நான் எதிரி இல்லை. 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டு நெறிகள் வந்ததிலிருந்து நானும் அதில்தான் பாதி வேலை பார்க்கிறேன். பிரஷர் மாத்திரையின் அளவை மாற்ற தாம்பரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வர வேண்டாம். பார்க்கின்சன் நோயாளியின் நடையை அவர் வீட்டுக் கூடத்திலேயே பார்ப்பது கிளினிக்கில் பார்ப்பதைவிட நல்லது. (அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரையை மட்டும் வீடியோவில் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சாதீர்கள், அதே நெறிகள் தடுக்கின்றன.) ஆனால் வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை கால் வராமல் போனாலோ எனக்கு வீடியோ கால் போடாதீர்கள். 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

சரி, என்ன செய்வது? பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கட்டும். வெளியிலிருந்து திறக்க முடியாத உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், குளியலறையிலும்தான். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள், எடுக்கவில்லை என்றால் காரணம் யோசித்துக்கொண்டிருக்காமல் சாவிக்காரரை அனுப்புங்கள். பேசும்போது எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள், மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரவுட்டருக்கு யூபிஎஸ் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது படியேறிப் போய்ப் பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

அப்புறம், தயவுசெய்து கேமரா மாட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு பாட்டி கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். "புடவை மாத்த வேண்டாமா டாக்டர்?" என்றார். பையனோ, கேமரா ரிப்பேர் என்று கடைக்காரரை விரட்டிக்கொண்டிருந்தார்.