ரிலே போட்டிருக்கிறது, சரி. அதன் 30-ஆம் முனைக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது?

போடியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவனுக்கு விடியற்காலையில் போன் வந்தால், அது ஜீப்காரராகத்தான் இருக்கும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகள் இருட்டு விலகும் முன்பே போடிமெட்டு ஏறத் தொடங்கிவிடும். தார்ச்சாலை முடிந்ததும் தோட்டத்துப் பாதை: கல், சேறு, கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் மூடுபனி. கூடுதலாக இரண்டு லைட்டாவது கட்டாத ஜீப் இந்தப் பக்கம் அபூர்வம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் வண்டிகளும் அப்படித்தான்.

இதை எழுத வைத்தது ஒரு கமாண்டர் ஜீப். பின்னால் பெண்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும்போது கூரைமேல் இருந்த எல்இடி பாரும் ஹெட்லைட்டும் ஒரே நொடியில் அணைந்துவிட்டன. இடது பக்கம் பள்ளம். டிரைவர் தம்பி பிரேக்கை மிதித்து, ஸ்டியரிங்கை அசைக்காமல் அப்படியே நிறுத்தியிருக்கிறார். செல்போன் வெளிச்சத்தில் எல்லோரையும் இறக்கி, விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மதியம் வண்டி பட்டறைக்கு வந்தது. லைட் சுவிட்சைக் கழற்றியபோது உள்ளே பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. ஒயர்களைச் செருகும் பிளாஸ்டிக் கப்ளர் தீய்ந்து பழுப்பு நிறம். 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ். நீலம் அடிக்கடி போகிறது என்று யாரோ மாற்றிக்கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணே, ரிலே போட்டுத்தானே இருக்கு? அப்புறம் எப்படி?" என்றார் தம்பி.

உண்மைதான், லைட்டுக்குப் போகும் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் அந்தச் சின்னப் பெட்டி, ரிலே, இருந்தது. ஆனால் அந்த ரிலேயின் 30-ஆம் நம்பர் முனைக்கு கரண்ட், ஹெட்லைட் ஒயரை நடுவில் சீவி எடுத்ததிலிருந்து வந்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து ரிலேக்கு ஒரு ஒயர்கூடக் கிடையாது. இதே தப்பை வேறு வண்டிகளிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ரிலே என்ற பொருளை வாங்கி மாட்டியதுமே வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியம் நடக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

சரி, அது எதற்காக இருக்கிறது? ஹெட்லைட் பல்பு ஹை பீமில் ஒன்றுக்கு 60 வாட். இரண்டுக்கும் 120 வாட், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். பல பழைய ஜீப்புகளில் இந்த 10 ஆம்பியரும் சுவிட்சுக்குள்ளேயே புகுந்துதான் வெளியே வரும். அதைத் தாங்கும் அளவுக்குத்தான் சுவிட்சும் ஒயரும் செய்யப்பட்டிருக்கின்றன. அதில் 120 வாட் எல்இடி பார் ஒன்றைச் சேர்த்தால் இன்னொரு 10 ஆம்பியர். சுவிட்சின் உள்ளே தொட்டுக்கொள்ளும் செப்புப் பொட்டுகள் சூடாகும், கருகும். கருகினால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். ஒருநாள் இரண்டும் சேர்ந்து போகும். கட்டிய லைட் மட்டும் போனால் பரவாயில்லை, கம்பெனி கொடுத்த ஹெட்லைட்டையும் இழுத்துக்கொண்டு போவதுதான் ஆபத்து.

ரிலேக்குள் ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. அதன் தடை 80, 90 ஓம் இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் அது எடுப்பது 0.15 ஆம்பியருக்குள். அந்தச் சொற்பக் கரண்டில் அது காந்தமாகி, பக்கத்தில் இருக்கும் கனமான தொடுமுனையை 'டிக்' என்று இழுத்துச் சேர்க்கிறது. சுவிட்சு தாங்க வேண்டியது அந்த 0.15 மட்டும். 10 ஆம்பியர் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே லைட்டுக்குப் போய்விடும், டேஷ்போர்டு பக்கமே வராது. தந்திக் கம்பியில் தூரம் போகப் போக வலுவிழக்கும் மின்சாரத்தை வழியில் புதிதாக எடுத்து அனுப்புவதற்காக 1830-களில் உருவான யோசனை இது. களைத்த குதிரையை மாற்றிப் புதுக் குதிரை பூட்டுவதற்கு இருந்த பெயரையே இதற்கும் வைத்தார்கள். நம் தம்பியின் ஜீப்பில் புதுக் குதிரை பூட்டவே இல்லை. களைத்த குதிரையின் தலையிலேயே இன்னொரு மூட்டை ஏற்றியிருந்தார்கள்.

முனை நம்பர்கள் ஜெர்மன் தர அளவிலிருந்து வந்தவை, எந்தக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் இவைதான் இருக்கும். 30 என்றால் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் கரண்ட். 87 லைட்டுக்குப் போவது. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள், ஒன்று எர்த்துக்கு, அதாவது பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கும் வண்டி பாடிக்கு, இன்னொன்று சுவிட்சுக்கு. ஐந்து முனை ரிலேயில் நடுவில் 87ஏ என்று இன்னொன்று இருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ரிலே அணைந்திருக்கும்போது 30-உம் 87ஏ-உம் உள்ளே சேர்ந்தே இருக்கும். அதாவது லைட்டை நிறுத்திவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் அந்த முனையில் பேட்டரி கரண்ட் உயிரோடு இருக்கும். ரிலே சாக்கெட்டோடு ஐந்து ஒயர் வந்திருக்கும். தேவையில்லாத அந்த ஐந்தாவதை வெட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். அதன் நுனி பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லைட்டுக்கு நான்கு முனை ரிலேயே போதும். ஐந்து முனைதான் கையில் இருக்கிறது என்றால், சாக்கெட்டிலிருந்து அந்த ஒயரை முழுசாகப் பிடுங்கிவிடுங்கள்.

சுருளை அணைக்கும்போது அதிலிருந்து ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பெரிய வோல்டேஜ் திருப்பி அடிக்கும். அதைத் தடுக்கச் சில ரிலேக்களில் உள்ளேயே, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு இருக்கும். அந்த வகையில் 86-க்கு பிளஸ், 85-க்கு எர்த் என்று சரியாகக் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியாக நேராக ஷார்ட். சாதாரண ரிலேயில் எப்படிக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்பதால் பையன்கள் இதைக் கவனிப்பதில்லை. ரிலேயின் பக்கத்தில் படம் போட்டிருப்பார்கள், ஒரு நிமிடம் அதைப் பாருங்கள்.

அடுத்தது ஃபியூஸ். ரிலே எந்தப் பாதுகாப்பும் தராது. ஷார்ட் ஆனால் அது பாட்டுக்கு கரண்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒயரைக் காப்பது ஃபியூஸ், அதுவும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தால்தான்.

இதை நான் கற்றது கெட்ட வழியில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய ஜீப்புக்கு முன் பம்பரில் இரண்டு லைட் கட்டினேன். ரிலே, ஃபியூஸ் எல்லாம் முறையாகப் போட்டேன். ஆனால் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் லைட் பக்கத்திலேயே வைத்தேன். பேட்டரியிலிருந்து அதுவரை நாலடி ஒயர், குழாய்கூட மாட்டாமல், ஒரு தகட்டின் விளிம்பை ஒட்டிப் போனது. மூன்று மாதம் மலைப்பாதையில் அதிர்ந்து அதிர்ந்து அந்த விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. செம்பு பாடியில் பட்டது. ஃபியூஸ் அந்த இடத்துக்கு அப்புறம் இருந்ததால் அதற்கு எதுவுமே தெரியவில்லை. ஒயர் முழுக்கச் சிவந்து, பக்கத்தில் இருந்த ஒயர்க்கட்டையும் சேர்த்து எரித்தது. டிரைவர் பானெட்டைத் திறந்து பேட்டரி முனையைப் பிடுங்கியதால் வண்டி மிஞ்சியது. அவர் உள்ளங்கையில் பட்ட தீக்காயத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அன்று முதல் என் பட்டறையில் முதலில் மாட்டுவது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஃபியூஸ் அளவை ஒயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 10 ஆம்பியர் எடுக்கும் லைட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். அது போனால் ஏன் போனது என்று தேட வேண்டும். பெரிய ஃபியூஸ் போடுவது ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது.

ஒயரின் கனம் பற்றிக் கேட்டால் பலரும், லைட் நன்றாகத்தான் எரிகிறது, அப்புறம் என்ன என்கிறார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து கூரைக்கு 4 மீட்டர், எர்த் ஒயர் திரும்பி வர 4 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஏறக்குறைய 1.4 வோல்ட் தொலைந்துவிடும். 2.5-இல் அது அரை வோல்ட்டுக்குச் சற்றுமேல். ஹாலோஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைந்துவிடும். அது மங்கி உங்களுக்குச் சேதி சொல்லும். தரமான எல்இடி பார் அப்படிச் சொல்லாது. வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டி எடுத்து அதே வெளிச்சத்தைக் கொடுக்கும். ஒயர் சூடாகிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. ஆன்லைனில் வரும் ரெடிமேட் ஒயரிங் கிட்டில் ரிலே மேல் 40 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பார்கள். ஒயரைச் சீவிப் பார்த்தால் தோல் தடிமனாகவும் உள்ளே செம்பு நாலு இழையாகவும் இருக்கும். சிலவற்றில் செம்பு பூசிய அலுமினியம். வாங்கும் முன் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புது வண்டிக்காரர்களுக்கு வேறு ஒரு சங்கதி. இப்போது வரும் வண்டிகளில் லைட்டுகளைப் பெரும்பாலும் கன்ட்ரோல் மாட்யூல் என்ற எலக்ட்ரானிக் பெட்டிதான் எரியவைத்து அணைக்கிறது. எந்த ஒயரில் எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். பகலில் எரியும் லைட்டின் ஒயரில் பல வண்டிகளில் கரண்ட் தொடர்ச்சியாக வராது, நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டு வரும். அதிலிருந்து ரிலேயின் சுருளுக்கு எடுத்தால் அது வண்டுபோல் ரீங்காரம் போட்டே செத்துப்போகும். ஆகவே சாவி ஆன் செய்தால் மட்டும் கரண்ட் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து, ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே செருகிக் கரண்ட் எடுக்க அதற்கென்றே விற்கும் ஃபியூஸ் டேப் வைத்து, தனி சுவிட்சுக்கு எடுங்கள். கம்பெனி ஒயர் எதையும் சீவக் கூடாது. வாரண்டிக்காக மட்டும் சொல்லவில்லை, பின்னால் எந்த மெக்கானிக் பிழை தேடினாலும் அவருக்கு வழி தெரிய வேண்டும்.

காட்டாறு கடக்கிற வண்டியென்றால் ரிலே வைக்கும் இடம் முக்கியம். சூடாக இருக்கும் ரிலே குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்துப் பச்சை பிடித்து மாட்டிக்கொள்ளும். முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, எஞ்சின் அறையில் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே, சைலன்சர் சூட்டிலிருந்து விலக்கி வையுங்கள். சீல் செய்த ரிலே கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். எர்த் அடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல்வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மலைப்பாதைக்கு ஆகாது, ஒயர் நுனிக்கு மாட்டும் உலோக லக் வைத்து நசுக்கித்தான் கட்ட வேண்டும்.

டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் பெரியவை 30 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைவிடக் கூட. அதற்குக் கனமான ஒயரும், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் வேண்டும். சிக்கிய வண்டியைக் கேபிளால் இழுக்கும் வின்ச்சுக்கு இந்தச் சின்ன ரிலே எதுவும் உதவாது. 9,500 பவுண்டு வின்ச் முழு இழுவையில் 400 ஆம்பியர் அளவுக்குப் போகும். அதோடு வரும், பெரிய ரிலே போன்ற சாலினாய்டுப் பெட்டியையும் தடித்த கேபிளையும் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

கூரை லைட்டைத் தார்ச்சாலையில் எரிய விடாதீர்கள். மூடி போட்டு வையுங்கள். எதிரே பைக்கில் வருகிறவர் கண் கூசிப் பள்ளத்தில் இறங்கினால் அதற்கு எந்த ரிலேயும் பதில் சொல்லாது.

தம்பியின் ஜீப்புக்கு சுவிட்சு, கப்ளர் மாற்றி, பேட்டரி பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேக்குத் தனி ஒயர், லைட்டுக்குத் தனி எர்த் என்று புதிதாக இழுத்தேன். ஹெட்லைட்டுக்கும் இரண்டு ரிலே போட்டேன், ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. சாயங்காலம் எஞ்சினை ஓடவிட்டு எல்லா லைட்டையும் 20 நிமிடம் எரியவைத்தோம். ஃபியூஸ், ரிலே, கப்ளர், எர்த் போல்ட் என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன். எர்த் போல்ட்டில் மட்டும் கொஞ்சம் வெதுவெதுப்பு இருப்பதாகத் தம்பியே கண்டுபிடித்தார். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பெயின்ட் ஒரு நகக்கண் அளவுக்கு மிச்சம் இருந்தது. சுரண்டி மறுபடி முறுக்கி, இன்னொரு 20 நிமிடம் எரியவைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.