அதிசயம், வியப்பு, மருட்கை: 'வொண்டர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தருமபுரிப் பக்கம் நெடுநாள் கழித்து ஒருவர் உறவினர் வீட்டு வாசலில் போய் நின்றால், "வாருங்கள் மாமா, என்ன அதிசயமாக இந்தப் பக்கம்?" என்றுதான் முதல் வரவேற்பு. வந்தவரைப் பார்த்து யாரும் மலைத்துப் போய்விடவில்லை. அடிக்கடி வராதவர் வந்திருக்கிறார், அவ்வளவுதான். இத்தனை நாள் எட்டிப் பார்க்கவில்லையே என்ற குறையும் அதில் கலந்திருக்கும். மானாவாரி நிலத்தை நம்பியிருப்பவர்கள் "அதிசயமாக ஒரு மழை பெய்தது" என்கிறபோதும் பொருள் அதுவே: அரிதாக. "ஊர் உலகத்தில் இல்லாத அதிசயமா இது?" என்று கேட்டாலோ, அது முழுக்கக் கிண்டல். ஆங்கில அகராதிகள் 'வொண்டர்' என்பதற்கு நேராக வைக்கும் பொருளில் இச்சொல் பெரும்பாலும் உலக அதிசயங்கள் ஏழு என்ற பாடத்தில்தான் தென்படுகிறது.

அதிசயம் வடசொல். அங்கே அதன் முதற்பொருள் மிகுதி, மேம்பாடு. ஒன்று மற்றவற்றை விஞ்சி நிற்பது. அணியிலக்கணத்தில் அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. உயர்வு நவிற்சி அணியைத் தண்டியலங்காரம் அதிசய அணி என்கிறது. உள்ளதை விஞ்சிச் சொல்வது என்பதால் அந்தப் பெயர். அளவில் மிகுந்தது கண்ணுக்கு வியப்பானது. வியப்பானது எளிதில் கிடைக்காது. எளிதில் கிடைக்காதது அரிது. இப்படிப் படிப்படியாக நகர்ந்துதான் சொல் மாமாவின் வரவு வரைக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

தமிழ்ச்சொல்லாகிய வியப்பும் பெருமையோடு ஒட்டியதுதான். வியன் என்றால் அகன்றது, பெரியது. வியத்தல் என்பதற்கு அதிசயித்தல் மட்டுமல்ல, பெரிதாக மதித்தல் என்றும் பொருள் உண்டு. இது தெரியாவிட்டால் கணியன் பூங்குன்றனாரின் "பெரியோரை வியத்தலும் இலமே" (புறநானூறு 192) பாதிதான் புரியும். பெரியவர்களைக் கண்டு வாய்பிளக்க மாட்டோம் என்றல்ல, அவர்களை உயர்த்திக் கொண்டாட மாட்டோம் என்கிறார். "வியவற்க எஞ்ஞான்றும் தன்னை" என்ற குறளிலும் (439) தன்னைத் தானே பெரிதாக எண்ணிக்கொள்வதையே வள்ளுவர் தடுக்கிறார்.

மூன்றாவது சொல் மருட்கை. இன்று யாரும் பேச்சில் எடுப்பதில்லை; எனக்கென்னவோ மூன்றிலும் ஆழமானது இதுதான் என்று தோன்றுகிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகளில், ஒன்றாக இதை வைத்து, எதெதிலிருந்து பிறக்கிறது என்றும் சொல்கிறது: "புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே." 'மதிமை சாலா' என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவு போதாமல் தடுமாறும் நிலை அது.

பெருமைக்கு ஒகேனக்கல் அருவி போதும். சிறுமை என்றால் இழிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, நுணுக்கம். ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்க்கும் ஏதாவது ஒரு மனைக்குள் போகலாம். முட்டையிலிருந்து வரும்போது எறும்பளவு இருக்கும் புழு, நான்கு முறை தோலுரித்து, கடைசிப் பருவத்தில் விரல் நீளம் ஆகிவிடும். அப்போது மல்பெரி இலையைத் தின்னும் ஓசை தூறல் மாதிரி மனை முழுக்கக் கேட்கும். பிறகு தீனியை நிறுத்தி, உடல் மஞ்சள் பூத்து, தலையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடும். சந்திரிகை எனப்படும், கூடு கட்டுவதற்கான தட்டில் எடுத்து விட்டால் இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றிக் கூடு கட்டி முடிக்கும். ஒரு கூட்டில் இருப்பது அறுபடாத ஒற்றை இழை. நீளம் ஆயிரம் மீட்டரைத் தொடும். தலைமுறையாகப் புழு வளர்க்கிறவர்களுக்கு இது பிழைப்பு. அன்றைய ஏலத்தில் கூடு கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதுதான் அவர்கள் கவலை. முதன்முறை பார்க்கிறவருக்கு ஏற்படுவதே மருட்கை.

ஆச்சரியம், அற்புதம் இரண்டும் வடசொற்கள். எதிர்பாராததற்கு ஆச்சரியம்; பாராட்டுக்கும் தெய்வச் செயலுக்கும் அற்புதம். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுவோர் அச்சரி என்பதும் இந்த ஆச்சரியத்தின் உறவுதான். தெலுங்கர்களின் விந்த, நம் விந்தையை ஒட்டி ஒலிக்கிறது. வியப்பைக் குறிக்கும் பழஞ்சொல்லான இறும்பூதைப் பட்டிமன்ற மேடைக்கு விட்டுவிடலாம்.

ஆக, உணர்ச்சியைச் சொல்ல வியப்பு. வியக்க வைக்கும் பொருளுக்கு விந்தை. உலக அதிசயங்கள் போல வழக்கில் ஊன்றிவிட்டதை மாற்றத் தேவையில்லை.

சிக்கல் எல்லாம் 'வொண்டர்' வினையாக வரும்போதுதான். ஒருவர் வருவாரா மாட்டாரா என்று ஆங்கிலத்தில் யோசிப்பதை, "அவர் வருவாரா என்று நான் ஆச்சரியப்படுகிறேன்" என்று மொழிபெயர்த்து அச்சிட்டு விடுகிறார்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? தமிழில் இந்த ஐயத்துக்கு ஓர் ஓகாரம் போதும்: "வருவாரோ மாட்டாரோ." பென்னாகரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், "கடைசி பஸ் போய்விட்டதோ என்னவோ" என்பார். கூடவே 'தெரியவில்லையே' என்று சேர்த்துக்கொண்டால் கவலையும் வந்துவிடும்.

'நோ வொண்டர்' என்பதை "இதில் வியப்பில்லை" என்று எழுதுவதில் பிழையில்லை, கொஞ்சம் மேடைப் பேச்சு வாடை அடிக்கும். கிருஷ்ணகிரிச் சந்தையில் மாம்பழ விலையைக் கேட்டு முகம் சுளித்தவரிடம், இந்த வருடம் பூ நிறைய உதிர்ந்துவிட்டது என்று வியாபாரி சொன்னால், விலை கேட்டவர் சொல்லப்போவது இதுதான்: "அதுதானே பார்த்தேன்!"