கைட்டுக்கும் முச்சை உண்டு

யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றி வளர்ந்தவர்களுக்கு முச்சையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டத்தின் முகத்தில் மூன்று இடங்களிலிருந்து நூல் எடுத்து ஒரே முடிச்சில் சேர்ப்போம். ஏற்றும் நூலை அந்த முடிச்சில்தான் கட்டுவோம். சென்னையில் இதைச் சூத்திரம் என்பார்கள். முடிச்சை விரலளவு மேலே தள்ளினால் பட்டம் காற்றுக்குள் தலையைக் குனிந்துகொள்ளும், இழுவை குறையும். கீழே இறக்கினால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், நூல் கையை அறுக்கும்.

இலங்கையின் வடமேல் கரையிலுள்ள கற்பிட்டிக் களப்பில் முதன்முதலாகக் கைட்சர்ஃபிங் பார்த்தபோது எனக்கு இந்த முடிச்சுதான் நினைவுக்கு வந்தது. கைட் என்ற பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு அது. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று, டிசம்பர் முதல் மார்ச் வரை வடகீழ்க் காற்று என்று ஆண்டில் இரண்டு முறை அங்கே காற்று நிலையாக வீசும். அந்த மாதங்களில் களப்பின் மேல் விதவிதமான கைட்டுகள் பறக்கும். சில வில்லாக வளைந்திருக்கும், சில தட்டையாக விரிந்திருக்கும், சில பாராசூட் மாதிரி மெத்தென்று இருக்கும். கரையில் நின்று பார்த்தால் வெறும் வடிவ வேறுபாடு போலத் தெரியும். உண்மையில் இவற்றைப் பிரிப்பது ஒரு கேள்வி: ஆள் விரும்பும்போது இழுவையை எவ்வளவு தூரம் குறைக்க முடியும்?

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரியும். கைட்டின் இழுவை காற்று வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. 10 சதுர மீட்டர் கைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அது ஏறத்தாழ 15 கிலோ எடையளவுக்கு இழுக்கும். நொடிக்கு 10 மீட்டரானால் 60 கிலோ. இது ஒரே இடத்தில் நிற்கும் கைட்டுக்கான கணக்கு. கைட்டே வானத்தைக் குறுக்காக வெட்டிப் பாய்ந்தால், தன் சொந்த வேகத்தையும் சேர்த்துக் காற்றாக உணரும். அது உணரும் காற்று நொடிக்கு 20 மீட்டரானால் இழுவை 240 கிலோ. ஆளைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி வானத்தில் எறியும் விசை இதுதான். திடீரென்று காற்று ஒரு வீச்சு வீசினால் கரையில் நிற்பவரை மணலில் இழுத்துப்போவதும் இதே விசைதான்.

ஆகவே இழுவையைக் குறைக்க ஒரு வழி வேண்டும். துணியின் பரப்பைச் சுருக்க முடியாது. காற்றையும் அடக்க முடியாது. மிஞ்சியிருப்பது, காற்றுக்கு எதிரே துணி எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்ற கோணம் மட்டுமே. முச்சை முடிச்சு மாற்றுவதும் அந்தக் கோணத்தைத்தான். வீட்டுப் பட்டத்தில் அதை ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். கைட்டில் பறக்கும்போதே மாற்றலாம். இடுப்பில் கட்டிய ஹார்னஸ் என்ற வார்க்கச்சையோடு இரண்டு முன்கயிறுகள் இணைந்திருக்கும். கையில் பிடித்த பார் என்ற குறுக்குக் கம்பியின் இரு முனைகளிலும் பின்கயிறுகள். பாரை உடம்பை நோக்கி இழுத்தால் கைட்டின் பின்விளிம்பு கீழே வரும், கோணம் கூடும், இழுவை ஏறும். தள்ளிவிட்டால் கைட் தட்டையாகும், இழுவை இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? கைட்டுகள் பிரிவது இங்கேதான்.

முதலில் வந்தது சி கைட். பிரான்சின் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகைன்யூ சகோதரர்கள் 1984இல் காற்றடைத்த குழாய்களால் நிமிர்ந்து நிற்கும் கைட்டுக்குக் காப்புரிமை கேட்டார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மூழ்காமல் மீண்டும் எழும்ப வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். விபிகா என்ற பெயரில் அது பரவலாக விற்பனைக்கு வர 1997 ஆகிவிட்டது. முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில சி எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். நான்கு கயிறுகளும் நான்கு மூலைகளில் நேராகக் கட்டியிருக்கும். முச்சையே கிடையாது.

முச்சை இல்லாததன் விளைவை யோசித்துப் பாருங்கள். முன்கயிறுகள் இரு ஓரங்களை மட்டும் பிடித்திருக்கின்றன. நடுப்பகுதியை யாரும் பிடிக்கவில்லை. பாரை முழுக்கத் தள்ளிவிட்டாலும் கோணம் ஓரளவுக்கு மேல் குறையாது. அதற்கு மேல் விட்டால் பின்கயிறுகள் தொய்ந்து, கைட் சொல்பேச்சு கேட்காது. காற்று கூடினால் கரைக்கு வந்து சிறிய கைட்டை மாட்டுவதுதான் வழி. அந்தக் காலத்தில் நடந்த மோசமான விபத்துகள் பலவற்றுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனாலும் சி கைட்டை இன்றும் விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கயிறு நேராக மூலையில் கட்டியிருப்பதால் கை அசைந்த நொடியே கைட் அசையும். இடையில் கப்பி இல்லை, கிளைக்கயிறு இல்லை. செங்குத்தாகத் தொங்கும் இரு ஓரங்களும் சுக்கான் போல வேலை செய்வதால், இருந்த இடத்திலேயே சுழன்று திரும்பும். ஹார்னஸிலிருந்து கழற்றிக்கொண்டு குதித்து, அந்தரத்தில் பாரை முதுகுக்குப் பின்னால் கை மாற்றுகிறார்களே, அதற்குக் கயிறு ஒரு நொடி தொய்ய வேண்டும். அந்தத் தொய்வை ஒழுங்காகத் தருவதும் சி கைட்தான்.

புரூனோ லெகைன்யூ விடவில்லை. இருபது ஆண்டு கழித்து, தன் கைட்டின் குறையைத் தானே திருத்தினார். 2005 வாக்கில் சந்தைக்கு வந்த போ (bow, வில்) கைட் அவருடைய இரண்டாவது பெரிய யோசனை. வளைவைத் தட்டையாக்கினார். பின்விளிம்பை உட்பக்கமாகக் குழித்தார். முன்விளிம்பு நெடுகப் பல இடங்களிலிருந்து கிளைக்கயிறு எடுத்து முன்கயிறோடு சேர்த்தார். அதாவது, முச்சை கட்டினார்.

இப்போது முன்கயிறுகள் ஓரங்களை மட்டுமன்றி நடுப்பகுதியையும் தாங்குகின்றன. பாரைத் தள்ளிவிட்டால் கைட் முழுவதுமே கொடியைப் போலக் காற்றோடு படுத்துக்கொள்ளும், இழுவை ஏறக்குறைய இல்லாமல் போகும். ஒரே கைட்டை முன்பைவிடப் பரந்த காற்று வேகத்தில் ஓட்டலாம் என்றாயிற்று. கைட்சர்ஃபிங் சாகசக்காரர்களின் கையிலிருந்து சாதாரண மனிதர்களின் கைக்கு வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. தட்டையாக இருப்பதால் பரப்பு முழுவதும் மேல்நோக்கித் தூக்கும், குதித்தால் அந்தரத்தில் அதிக நேரம் மிதக்கலாம். தொடக்ககாலப் போ கைட்டுகளில் தொல்லையும் இருந்தது. பார் கையில் கனத்தது, திரும்புவது மந்தம், சில வேளை கைட் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டுவிடும்.

அப்புறம் வந்த டெல்டாவும் ஹைபிரிடும் இந்த இரண்டுக்கும் நடுவே இடம் தேடியவை. டெல்டாவின் ஓரங்கள் பின்னோக்கிச் சரிந்திருக்கும். தண்ணீரில் விழுந்தால் ஒரு பின்கயிற்றை இழுத்துப் பிடித்தாலே தானாக ஓரமாக உருண்டு எழும்பும். கற்றுக்கொள்பவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கைட்டைத் தண்ணீரில் போடுவார் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பயிற்சிப் பள்ளிகளில் இந்த வகை நிறைய இருப்பது அதனால்தான்.

குறுக்கே போகும் காற்றுக்குழாய்களின் எண்ணிக்கையும் குணத்தை மாற்றும். ஐந்து குழாய் இருந்தால் பலத்த காற்றிலும் வடிவம் குலையாது, ஆனால் எடை கூடும். மூன்று இருந்தால் இலேசு, மெல்லிய காற்றிலும் நிற்கும். அலையில் ஆள் கைட்டை நோக்கியே சறுக்கி வந்து கயிறு தொய்ந்தாலும், விழாமல் காற்றோடு மிதந்து போகும்.

ஃபாயில் கைட் வேறு குடும்பம். 1960களில் டொமினா ஜால்பர்ட் உருவாக்கிய, காற்றே புகுந்து உப்பவைக்கும் துணி இறக்கையின் வழிவந்தது. குழாய் கிடையாது. வரிசை வரிசையாகத் துணி அறைகள், அவற்றைப் பிடிக்க வலை போலப் பின்னிய கிளைக்கயிறுகள். முச்சையின் உச்சம் இது என்பேன். எல்லா இடத்திலும் பிடி இருப்பதால் இறக்கையை மிக நீளமாக, மிக ஒடுக்கமாகச் செய்யலாம். நீண்டு ஒடுங்கிய இறக்கையில் தூக்கும் விசைக்குக் காற்றுத் தடை குறைவு, கழுகின் இறக்கையைப் போல. அதனால் கைட் காற்று வரும் திசையை நோக்கி இன்னும் முன்னே போய் நிற்கும், ஆளும் காற்றுக்கு எதிராக அதிகம் ஏறிப் போகலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் முதன்முறையாக மார்செய்க் கடலில் நடந்தபோது, தங்கம் வென்ற எல்லி ஆல்ட்ரிட்ஜும் வாலென்டின் போன்டுஸும் ஓட்டியது இந்த வகையைத்தான்.

விலையில்லாமல் எதுவும் கிடைக்காது. நீண்ட இறக்கை திரும்பும்போது வெளிமுனை பெரிய வட்டம் சுற்ற வேண்டும். அதனால் திருப்பம் மந்தம். தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் அறைகளுக்குள் நீர் புகுந்து கனக்கும். அந்தக் கயிற்று வலை சிக்கிக்கொண்டால் கடலில் வைத்துப் பிரிப்பது பெரும்பாடு.

எந்த வகையானாலும், பின்கயிற்று முனையில் இரண்டு மூன்று முடிச்சுகள் வரிசையாக இருக்கும். புதுக் கைட்டை ஏற்றிய சிறிது நேரத்தில் அது பின்னோக்கிச் சரிந்து, மூச்சு விட்டது போல விழுந்தால், பின்கயிறு குட்டையாகி, கோணம் அளவுக்கு மீறிவிட்டது என்று பொருள். கரையிறங்கி, கயிற்றை ஒரு முடிச்சு வெளியே மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். கற்பிட்டியில் பயிற்சியாளர் ஒருவர் மணலில் முழந்தாளிட்டு அந்த முடிச்சை மாற்றுவதைப் பார்த்தேன். மாற்றி முடித்ததும் கயிற்றை இரண்டு விரலால் சுண்டிப் பார்த்தார். எங்கள் வீட்டு முற்றத்தில் மாமாவும் முச்சை கட்டி முடித்ததும் அப்படித்தான் சுண்டிப் பார்ப்பார்.