ஜெல்லில் பேண்ட் கோணலாக வந்தால் டி.என்.ஏ.வை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஜெல்லில் மின்சாரம் செலுத்தி டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும்போது (எலக்ட்ரோபோரசிஸ்), பேண்டுகள், அதாவது ஒரே அளவுத் துண்டுகள் திரண்டு நிற்கும் கோடுகள், கலைந்தோ வளைந்தோ தெரிந்தால் மாதிரி கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டுபவர்கள் உண்டு. பல நேரம் கோளாறு பஃபரிலோ (மின்சாரம் கடத்தும் உப்புக் கரைசல்) சூட்டிலோ இருக்கும்.

1 சதவீத ஜெல் என்றால் 100 மி.லி. டி.ஏ.இ. (டிரிஸ்-அசிட்டேட்-இ.டி.டி.ஏ.) பஃபரில் 1 கிராம் அகரோஸ் (ஜெல்லாக உறையும் பொடி). ஏறக்குறைய 500 முதல் 10,000 பேஸ் ஜோடி (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) வரை இது போதும். 200, 300 அளவுள்ள சிறு துண்டுகளுக்கு 2 சதவீதம் போடுங்கள். மைக்ரோவேவில் கொதித்ததும் குடுவையை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடித் துகள்போல் மிதப்பவை கரையாத அகரோஸ். ஆட்டும்போது சட்டென்று பொங்கும், குடுவையின் வாயை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். 60 டிகிரிக்கு ஆறியபின் தட்டில் ஊற்றுங்கள்.

ஜெல்லை மூழ்கவைத்து ஓட்டும் தொட்டியில் பஃபருக்குப் பதில் தண்ணீர் இருந்தால் மின்னோட்டம் பெயரளவுக்குத்தான் இருக்கும், டி.என்.ஏ. சரியாக நகராது. செறிவான பஃபரை நீர்க்காமல் ஊற்றினாலோ நேர்மாறு: மின்னோட்டம் எகிறும், ஜெல் சூடேறி உருகவும் கூடும். பாஸ்பேட்டால் டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் வெல்கள் (மாதிரி ஏற்றும் குழிகள்) கறுப்பு, அதாவது எதிர்முனைப் பக்கம், ஓட்டம் சிவப்பு நேர்முனையை நோக்கி. இது தெரியாதவர் இல்லை, ஆனாலும் மாற்றிச் செருகுவது நடக்கும். ஐந்து நிமிடத்தில் மாதிரியோடு கலந்த நீலச்சாயம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தீர்ந்தது.

மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட், 20 செ.மீ. இடைவெளிக்கு 100 வோல்ட். அவசரத்தில் கூட்டினால் ஜெல்லின் நடுப்பகுதி அதிகம் சூடாகி, நடு வரிசைகள் முந்தி ஓடும். பேண்டுகள் புன்னகைபோல் வளைவது அதனால்தான். அளவுக்கு மீறி டி.என்.ஏ. ஏற்றினால் பேண்ட் தடித்து வால்விடும், அளவும் பிசகாகத் தெரியும்.

1 சதவீத ஜெல்லில் புரோமோபீனால் நீலம் என்ற அந்தச் சாயம் சுமார் 300 பேஸ் ஜோடித் துண்டோடு சேர்ந்து ஓடும். சாயம் வெளியேறும்வரை விட்டால் சிறு துண்டுகளும் போய்விடும்.

வெட்டாத பிளாஸ்மிடில் (பாக்டீரியாவின் சிறு வட்ட டி.என்.ஏ.) இரண்டு மூன்று பேண்டுகள் வந்தால் கலப்படம் என்று பதற வேண்டாம். முறுக்கேறிய வடிவம் வேகமாக ஓடும், ஓரிழை அறுந்த வட்டம் பின்தங்கும். லேடரில் (ஒப்பிட ஓட்டும், அளவு தெரிந்த துண்டுகளின் கலவை) இருப்பவை நேர்த் துண்டுகள். அதை வைத்து இவற்றின் அளவைச் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டி, நேர்த் துண்டாக்கி மறுபடி ஓட்டுங்கள்.