மாட்யூல்: சொல் விளக்கம்

மாட்யூல் (பெயர்ச்சொல்): டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில், ஆட்டம் நடத்துபவருக்காக அச்சிட்டு விற்கப்படும் ஆயத்த சாகசம். வரைபடம், அறைக்கு அறை விவரம், எதிரிகள், புதையல் எல்லாம் அதில் இருக்கும். ஆட்டம் நடத்துபவரைச் சுருக்கமாக 'நடத்துநர்' என்று எழுதலாம்தான்; ஆனால் படிக்கிறவர் டிக்கெட்டுக்குச் சில்லறை தேட ஆரம்பித்துவிடுவார்.

இப்போது வரும் கெட்டி அட்டைப் புத்தகங்கள் தங்களை மாட்யூல் என்று சொல்லிக்கொள்வதில்லை, சாகசம் என்கின்றன. பழைய ஆட்டக்காரர்கள் மட்டும் விடாமல் மாட்யூல் என்கிறார்கள். பெயர் மாறியதோடு சாகசத்தை வடிவமைக்கும் முறையும் மாறிவிட்டது என்பது என் கட்சி.

முதலில் வேர். லத்தீனில் 'மோடஸ்' என்றால் அளவு, 'மோடுலுஸ்' என்றால் சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தூணின் பருமனிலிருந்து ஓர் அளவை எடுத்து அதைக்கொண்டே கோயிலின் மற்ற பகுதிகளைக் கணக்கிடும் முறையை எழுதிவைத்தார்; அந்த அளவின் பெயர் மோடுலுஸ். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், இருபதாம் நூற்றாண்டில் வேறு பொருளுக்கு நகர்ந்தது: தனியாகச் செய்து, பெரிய அமைப்பு ஒன்றில் பொருத்தவும் கழற்றவும் கூடிய பகுதி. 1969-இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிய கலத்தின் பெயரும் லூனார் மாட்யூல்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974-இல். உலகத்தை ஆட்டம் நடத்துபவரே உருவாக்கிக்கொள்வார் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. 1978-இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவாவிலிருந்த டிஎஸ்ஆர் நிறுவனம், கேரி கைகாக்ஸ் எழுதிய சாகசங்களை மெல்லிய கையேடுகளாக வெளியிட்டபோது அட்டையில் 'டன்ஜன் மாட்யூல்' என்று போட்டது; டன்ஜன் என்றால் நிலவறை. உங்கள் உலகம் உங்களிடம் இருக்கிறது, இது அதில் பொருத்திக்கொள்ள ஒரு துண்டு என்பதே பொருள். அட்டைகூடக் கையேட்டோடு ஒட்டாமல் தனியாக வரும். அதன் உள்பக்கத்தில் வரைபடம்.

இந்தப் பொருள் கச்சிதமாகத் தெரிவது, புதிதாகக் கற்பவர்களுக்காக மைக் கார் எழுதிய பி1 என்ற மாட்யூலில். அறையின் வர்ணனை முழுதாக இருக்கும். அதன் கீழே 'எதிரி' என்று போட்டு ஒரு வெற்றுக் கோடு, 'புதையலும் அது இருக்கும் இடமும்' என்று போட்டு இன்னொரு வெற்றுக் கோடு. பின்னால் இருக்கும் பட்டியல்களிலிருந்து எடுத்து, ஆட்டம் நடத்துபவர் பென்சிலால் நிரப்ப வேண்டும். ஆகவே ஒரே கையேட்டை வாங்கிய இரண்டு பேரிடம் இரண்டு வேறு நிலவறைகள் இருந்தன. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் பாதி வேலையை நாமே செய்வதா என்று அன்று எவராவது முணுமுணுத்திருக்கலாம். எனக்கு அதுதான் அதன் அழகு.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. 1975-இல் ஒரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காகக் கைகாக்ஸ் அமைத்த கல்லறைச் சாகசத்தில், சுவரிலுள்ள பச்சைப் பிசாசு முகத்தின் வாய்க்குள் நுழைந்தவர் அதோடு சரி. தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்புகூடக் கிடையாது.

திருப்பம் 1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் வரிசை. அட்டையில் மாட்யூல் குறியீடு அப்படியே இருந்தது, உள்ளே சரக்கு வேறு. நாயகர்கள் பெயரோடும் வரலாற்றோடும் தயாராக வந்தார்கள். கதை ஒரு பாகத்திலிருந்து அடுத்ததுக்கு ஓடியது. முக்கியப் பாத்திரம் எதுவும் செத்தால் உடல் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் எப்படியோ பிழைத்ததாகக் கொண்டுவரலாம் என்று ஆட்டம் நடத்துபவருக்கு யோசனையும் சொன்னது. கதைக்கு அந்தப் பாத்திரம் தேவை. ஆட்டக்காரர் வாளால் வெட்டினாலும் தேவை. வெற்றுக் கோட்டுக்கு இங்கே இடமே இல்லை. ஆட்டக்காரர்கள் இந்த மாதிரி வடிவமைப்பைத் தண்டவாளம் என்பார்கள். அது வசவு என்றாலும், உணர்ச்சியுள்ள கதை வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த வரிசை கொடுத்ததை மறுக்க முடியாது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் சாகசங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். 2016-இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்ற சாகசப் புத்தகம் 256 பக்கம். ஆட்டக்காரரை முதல் நிலையிலிருந்து பத்தாம் நிலைவரை கொண்டுபோகும். அதைத் துண்டு என்று எப்படிச் சொல்வது? முழு உலகமே அதற்குள் இருக்கிறது. ஆனால் ஒன்று, அதில் எந்தத் திசையிலும் போகலாம், தண்டவாளம் அவ்வளவாக இல்லை. இன்னொரு பக்கம், பழைய விதிகளை மறுபடி எழுதித் தரும், 2006-இல் வந்த ஓஎஸ்ஆர்ஐசி போன்ற விதித்தொகுப்புகளின் தயவில், பழைய பாணியில் மெல்லிய மாட்யூல்கள் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொகுதி' என்றால் நமக்கு முதலில் தேர்தல் ஞாபகம் வரும். அதை விட்டாலும் தொகுதி என்பது பலவற்றைச் சேர்த்தது, இதுவோ ஒன்றில் போய்ச் சேர்வது. கல்வித்துறையில் 'பயிற்சிக் கட்டகம்' நன்றாக ஊன்றிவிட்டது, ஆனால் கேட்டாலே வகுப்பறை வாடை. என் தேர்வு 'கூறு'. சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பார்களே, அந்தக் கூறுதான்: பெரியதன் ஒரு பங்கு, தனியாக எடுத்துப் போகலாம். பழைய பாணிக் கையேட்டுக்குச் 'சாகசக் கூறு' பொருந்தும். 256 பக்கப் புத்தகத்துக்கு அது பொருந்தாது. அதைச் 'சாகச நூல்' என்றே சொல்லிவிடலாம்.